மேலுக்கு ஒரு கரண்டி

எடை பார்க்கும் கருவியில் ஏறுவதற்கு முன் குச்சி செருப்பைக் கழற்றினாள். கைக்கடிகாரத்தைக் கழற்றினாள். தோட்டைக் கழற்றினாள். தலையிலிருந்த கிளிப்பையும் உருவி நர்ஸம்மாவின் மேசைமேல் வைத்தாள்.

"பல்லு ஏதாவது கட்டியிருந்தா அதையும் எடுத்து வெச்சிடு," என்றாள் நர்ஸம்மா.

"எல்லாம் சொந்தப் பல்லுக்கா. வராது."

சிவப்பு எண்கள் கொஞ்சம் தள்ளாடிவிட்டு நின்றன. எண்பத்தொன்று புள்ளி நான்கு.

நர்ஸம்மா 'ம்' என்று சொல்லி எழுதிக்கொண்டாள். இதே நர்ஸம்மா இதே அறையில், எண் அரைக் கிலோ ஏறினால்கூட 'சபாஷ்!' என்று கை தட்டியவள். குச்சிக்கு அப்போது எட்டு வயது. அந்தச் சபாஷுக்கும் இந்த 'ம்'முக்கும் நடுவே இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. கருவியை மாற்றியிருந்தார்கள். சுவருக்கு இரண்டு தடவை வண்ணம் அடித்திருந்தார்கள். எண் ஏறினால் நல்லது என்பதையும் மாற்றிவிட்டார்கள் என்றுதான் குச்சியிடம் யாரும் முறைப்படி சொல்லவில்லை.

அடுத்த அறையில் டாக்டரம்மா கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். ஐந்து நிமிஷம் சும்மா உட்காரச் சொல்லிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"போன தடவையும் இப்படித்தான் இருந்துச்சு. அதுக்கு முந்தின தடவையும் இப்படித்தான். ஒரு மாத்திரை ஆரம்பிச்சிடலாம்."

குச்சி மேசையில் கிடந்த காகித எடைக்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு இருபத்தாறு மாத்திரை விழுங்குகிறவளுக்கு இருபத்தேழாவது ஒரு பொருட்டே இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவளுக்கு அப்படி இல்லை. இன்னொரு டப்பா, இன்னொரு மூடி, 'போட்டியா, போட்டியா' என்று அம்மா கேட்கும் இன்னொரு கேள்வி. நினைக்கும்போதே தோள்பட்டை இரண்டும் கீழே இறங்கின. மாத்திரைக்கு அவள் பயப்படவில்லை. அலுத்துப் போயிருந்தாள்.

"மூணு மாசம் குடுங்க டாக்டர். நானே குறைச்சிக் காட்டறேன்."

"எவ்வளவு?"

"நாலு கிலோ."

"வாய்க்கு என்ன, நாப்பதுகூடச் சொல்லும்." டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உங்க அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கில்ல? சரி, மூணு மாசம். எழுபத்தேழரைக்குள்ள வரணும். பிரஷரும் இறங்கணும். இல்லன்னா மறுபேச்சே கிடையாது."

"மறுபேச்சே கிடையாது டாக்டர்," என்று குச்சி எழுந்தாள். வெளியே வந்த பிறகுதான் தோட்டை நர்ஸம்மாவின் மேசையிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது.

*

குச்சி என்பது மூன்றாம் வகுப்பில் வைத்த பெயர். கை, கால், கழுத்து எல்லாமே குச்சி. காற்றடித்தால் இவளைக் கொடிக்கம்பத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும் என்று வாத்தியாரே சொல்வார். பள்ளிக்கூடத்தோடு போக வேண்டிய பெயர் வீட்டுக்குள்ளும் வந்து ஒட்டிக்கொண்டது. எண்பத்தொரு கிலோவிலும் அம்மா அவளைக் 'குச்சி' என்றுதான் கூப்பிட்டாள். தெருவில் புதிதாகக் குடிவந்தவர்கள் அதைக் கேலி என்று நினைத்துச் சிரித்தார்கள்.

நோயின் பெயர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். பிறவியிலேயே வருவது. உடம்பில் நீர்த்து ஓட வேண்டிய சளியெல்லாம் பிசினாகக் கெட்டிப்பட்டுவிடும். நெஞ்சில் அடைக்கும். கணையத்தையும் அடைப்பதால் தின்ற கொழுப்பு உடம்பில் சேராமல் அப்படியே வெளியேறிவிடும். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும் செரிமானத்துக்கான மாத்திரைகளைச் சேர்த்து விழுங்கினால்தான் உண்டு. வியர்வையில் உப்பு அள்ளிக்கொண்டு போகும். அம்மாவுக்கு முதலில் தெரிந்தது அதுதான். குழந்தைக்கு முத்தம் கொடுத்தால் உதடு உப்புக் கரித்தது.

அவளுக்கு முன்னால் அண்ணனுக்கும் அப்படித்தான் கரித்தது. அண்ணன் பதினான்கு வயதில் போனான். அப்போது அவன் எடை இருபத்திரண்டு கிலோ. அவன் எப்படிப் போனான் என்று கேட்டால் அம்மா நெஞ்சு, சளி, மூச்சு என்று எதையும் சொல்ல மாட்டாள். "இருபத்திரண்டு கிலோதான் இருந்தான்," என்பாள். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

அம்மா ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். உள்ளங்கை பலகை மாதிரி இருக்கும். அந்தக் கையைக் குழித்து வைத்துக்கொண்டு காலையில் இருபது நிமிஷம், மாலையில் இருபது நிமிஷம் குச்சியின் முதுகில் தட்டுவாள், சளி இளகி வரட்டும் என்று. காலியான தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி சத்தம் வரும். தட்டி முடித்ததும் சாப்பாடு. சாப்பாட்டில்தான் அந்தக் கரண்டி.

எல்லாருக்கும் ஒரே சமையல். குச்சியின் தட்டில் மட்டும், பரிமாறி முடித்த பிறகு, ஒரு கரண்டி எண்ணெயோ உருக்கிய வெண்ணெயோ மேலே விழும். "மேலுக்கு ஒரு கரண்டி" என்று சொல்லிக்கொண்டேதான் ஊற்றுவாள். மேலுக்கு என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் இரண்டு அர்த்தம். எல்லாம் போட்டதற்கு மேல் என்பது ஒன்று. மேல் என்றால் உடம்பு, ஆகவே உடம்புக்கு என்பது இன்னொன்று. எந்த அர்த்தத்தில் சொல்கிறாய் என்று அம்மாவை யாரும் கேட்டதில்லை. கரண்டி விழும், தின்ன வேண்டும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியிலேயே முத்திரை குத்திக் கொடுத்த பட்டியல் ஒன்று சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தது: வெண்ணெய், பாலாடை, முட்டை, வேர்க்கடலை, முடிந்த மட்டும் எண்ணெய். அம்மா அதற்கு ஒரு படி மேலேயே போனாள்.

ஆஸ்பத்திரி நாளில் இன்னொரு வேலையும் நடக்கும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மா உப்புப் போட்ட தண்ணீர்ப் பாட்டிலை நீட்டுவாள். எடை குறைந்திருந்தால் வார்டில் படுக்க வைத்து மூக்கு வழியாகக் குழாய் விடுவார்கள். அதனால் ஒரு பாட்டில் முழுக்கக் குடித்துவிட்டு, ஒன்றுக்கு வந்தாலும் அடக்கிக்கொண்டு, கருவியில் ஏறி நிற்க வேண்டும். ஒரு தடவை அப்பாவின் சாவிக்கொத்தையும் பாவாடைப் பைக்குள் போட்டு அனுப்பினாள். நடக்கும்போது அது கலகலவென்று சத்தம் போட்டது. நர்ஸம்மா காதில் விழாத மாதிரி சபாஷ் சொன்னாள்.

*

இப்படி வளர்ந்தவளுக்கு எடை மேடையில் வேலை கிடைத்தது என்றால், மேலே உட்கார்ந்து வேலையைப் பங்கு போட்டுக் கொடுப்பவனுக்கும் கொஞ்சம் குசும்பு இருக்கத்தான் வேண்டும்.

ஊருக்கு வெளியே இரும்பு உருக்கும் ஆலை. அதன் வாசலில் தரையோடு தரையாகப் பதித்த நீளமான இரும்பு மேடை. பக்கத்தில் கண்ணாடி வைத்த சின்ன அறை. அறைக்குள் ஒரு திரை, சீட்டு அடிக்கும் ஒரு மெஷின், ஒரு மின்விசிறி, குச்சி. பழைய இரும்பு ஏற்றிய லாரி வரும். மேடையில் ஏற்றி ஒரு தடவை எடை. உள்ளே போய் இறக்கிவிட்டுக் காலியாக வரும்போது இன்னொரு தடவை எடை. இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம்தான் சரக்கு. பத்து வருஷமாக அவள் பார்த்த வேலை இதுதான், நாளுக்கு நாற்பது ஐம்பது வண்டி.

அந்த மேடைக்குப் பத்துப் பத்துக் கிலோவாகத்தான் எண்ணத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து குச்சி அதன் நடுவில் போய் நின்று, கண்ணாடி வழியே திரையைப் பார்ப்பாள். நாற்பது என்று காட்டும். அவள் முப்பத்தெட்டுக் கிலோ. மேடை பெரிய மனசு பண்ணி இரண்டு கிலோ கூட்டிச் சொன்னது. வருஷக்கணக்காக நாற்பதிலேயே நின்றது.

ஐந்து வருஷத்துக்கு முன்பு புது மாத்திரை வந்தது. சளியைக் கரைக்கும் மாத்திரை இல்லை. கெட்டியாகாமலேயே பார்த்துக்கொள்ளும் மாத்திரை. போட ஆரம்பித்துப் பத்தாம் நாள் காலையில் குச்சி இருமவில்லை. வீடு சத்தமில்லாமல் இருந்ததைக் கேட்டு அம்மா கையிலிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். குச்சி சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மூச்சு வருதாடி உனக்கு?" என்று கேட்டாள் அம்மா. "வருதும்மா. சத்தம்தான் வரலை."

மேடை ஐம்பது காட்டிய அன்று குச்சி வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். எதற்கென்று சொல்லவில்லை. அறுபதுக்குச் சித்தி வந்து கன்னத்தைக் கிள்ளி, "இப்பதான்டி பாக்க மனுஷி மாதிரி இருக்கே," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுபதுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. எண்பதுக்கு எல்லாரும் சொன்னார்கள்.

குனிந்து செருப்பு மாட்டினால் மூச்சு வாங்கியது. முன்பெல்லாம் மூச்சு வாங்கினால் ஐயோ பாவம் என்று உட்கார இடம் கொடுப்பார்கள். இப்போது, "கொஞ்சம் நடந்தாத்தான் என்னவாம்?" என்றார்கள். இரண்டுக்கும் பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது. இப்போதெல்லாம் சும்மா சிரித்துவிடுகிறாள்.

*

மூன்று மாசக் கெடு வாங்கி வந்த அன்றே சாப்பாட்டு டாக்டர் ஒரு புதுப் பட்டியல் கொடுத்திருந்தாள். சின்னப் பெண், கழுத்தில் அடையாள அட்டை, பேச்சில் அக்கா அக்கா என்று ஒரு இழுப்பு. "ஒரு வேளைக்கு ஒரு சின்னக் கரண்டி எண்ணெய்தான்கா. உப்பை நீங்களா சட்டுனு நிறுத்திடாதீங்க, டாக்டர் சொல்ற அளவுக்குக் கொறைங்க. கொழுப்பு கொறைஞ்சா செரிமான மாத்திரையையும் கொறைச்சுக்கலாம். அஞ்சு போடற எடத்துல மூணு போட்டுப் பாருங்க." அளவுக்கென்று ஒரு பிளாஸ்டிக் கரண்டியும் கொடுத்தாள்.

அம்மா பட்டியலை இரண்டு தடவை படித்தாள். மொட்டைக் கடிதாசி படிக்கிற முகம். பிறகு அலமாரிக் கதவைத் திறந்து பழைய பட்டியலுக்குக் கீழே இதை ஒட்டினாள். இரண்டிலும் ஒரே ஆஸ்பத்திரி முத்திரை.

"பழசைக் கிழிச்சிடேன்மா."

"அது பாட்டுக்கு இருக்கட்டும். அன்னைக்கு ஒருத்தங்க சொன்னாங்க, இன்னைக்கு ஒருத்தங்க சொல்றாங்க. நாளைக்கு யார் வந்து என்ன சொல்லப் போறாங்களோ."

"அப்பா மாதிரி எனக்கும் ஆச்சுன்னா?"

"உங்கப்பா என்ன குண்டாவா இருந்தாரு?"

அப்பா ஒல்லியாகத்தான் இருந்தார். ஆறு வருஷத்துக்கு முன் பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே மாரடைப்பில் போனார்.

ஆனாலும் அம்மா கேட்டுக்கொண்டாள். தினமும் காலையில் அந்தப் பிளாஸ்டிக் கரண்டியைக் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டி, "பாத்துக்கோ தாயே, ஒண்ணே ஒண்ணு," என்று சட்டியில் ஊற்றுவாள். பிறகு குச்சி முன்னறைக்குப் போய் ஆவி மெஷினைப் போட்டுக்கொண்டு, முகமூடியை மாட்டி, இருபது நிமிஷம் மருந்தை இழுப்பாள். மெஷின் மாவரைக்கும் மெஷின் மாதிரி இரையும். முடித்து வரும்போது மதியச் சாப்பாட்டு டப்பா மூடி, பையில் தயாராக இருக்கும். குச்சி மூன்று மாத்திரையோடு சாப்பிட்டாள். ஆலையைச் சுற்றி மாலையில் இரண்டு சுற்று நடந்தாள். சர்க்கரையை விட்டாள். டீக்கடைப் பக்கம் போவதை விட்டாள். ஆறு மாத்திரை குறைந்ததே பெரிய விடுமுறை மாதிரி இருந்தது. இருபத்தேழாக வேண்டியது இருபதில் நின்றது.

முதல் மாசம் ஒரு கிலோ இறங்கியது. அடுத்த மாசம் முந்நூறு கிராம்.

அதோடு புதிதாக ஒரு வயிற்று வலி. மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, மூன்றரை வாக்கில், யாரோ குடலைத் துணி பிழிகிற மாதிரி பிழிவார்கள். மேசைமேல் கவிழ்ந்து, ஒரு கையால் சீட்டு அடித்துக் கொடுப்பாள். குறைவாகத் தின்றதால் வருகிற வலி என்று நினைத்தாள். பசிக்குப் பழகாத வயிறு, முப்பது வருஷமாக அதற்கு யார் பசியைக் காட்டினார்கள்?

*

கெடு முடிய இரண்டு வாரம் இருந்தது. மூன்றரை மணி. வலி சரியாக நேரத்துக்கு வந்திருந்தது. பழைய இரும்பு லாரிக்காரர் காலி வண்டியை மேடையில் ஏற்றி நிறுத்தினார். வாரத்துக்கு மூன்று நடை வருகிறவர். வயிறு ஸ்டீயரிங்கைத் தொடும்.

"எடைக்காரம்மா, சீக்கிரம் சீட்டைக் குடுங்க. பசிக்குது."

"உங்களுக்கு எப்பதான் பசிக்கல?"

"நம்ம ரெண்டு பேருக்கும் என்னம்மா, நாம ஏறி நின்னா மேடையே கையெடுத்துக் கும்பிடும்."

குச்சி சிரிக்கவில்லை. கண்ணாடி வழியே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள் வாசலிலிருந்து மேடை வரைக்கும் வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரையில் ஈரமாக ஒரு கோடு வந்திருந்தது. வண்டிக்கு அடியில் இன்னும் சொட்டியது.

"என்ன அது, தண்ணி?"

"ரேடியேட்டர் ஒழுகுதும்மா. கிழட்டு வண்டி."

"உங்க வண்டிக்கு ரேடியேட்டர் பின்சக்கரத்துக்கு நடுவுலயா இருக்கு?"

லாரிக்காரர் காதைச் சொறிந்துகொண்டார். வரும்போது அடியில் கட்டிய இரண்டு பீப்பாய் நிறையத் தண்ணீர். சரக்கோடு சேர்த்து எடை. உள்ளே போனதும் குழாயைத் திறந்துவிட்டால் தண்ணீரும் இரும்பாகிவிடும்.

"பீப்பாயை மறுபடி நிரப்பிட்டு வாங்க. அப்புறம் சீட்டு."

"எப்படிம்மா கண்டுபிடிக்கறீங்க?"

"நானும் தண்ணி குடிச்சிட்டு மேடை ஏறினவதான்," என்றாள் குச்சி. அவருக்குப் புரியவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

வயிறு மறுபடி பிழிந்தது. குச்சி மேசையைப் பிடித்துக்கொண்டாள். ஏற்றும்போது ஒரு எடை, இறக்கும்போது ஒரு எடை, நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இந்த வலி அவளுக்குப் புதுசே இல்லை. பள்ளிக்கூடத்தில் மாத்திரை எடுத்துப்போக மறந்த நாட்களில் வந்த வலி. கொழுப்பு அதிகமாகி மாத்திரை போதாதபோது வருகிற வலி. கழிப்பறையிலும் அதே பழைய எண்ணெய்ப் பிசுக்கு. அவள்தான் பார்த்தும் பார்க்காத மாதிரி தண்ணீர் ஊற்றிவிட்டு வந்திருக்கிறாள். ஒரு சின்னக் கரண்டி எண்ணெய்க்கு மூன்று மாத்திரை தாராளமாகப் போதும். போதவில்லை என்றால் உள்ளே போவது ஒரு கரண்டி இல்லை.

*

மறுநாள் காலையில் அம்மா வழக்கம்போல் கரண்டியைத் தூக்கிக் காட்டினாள். குச்சி தலையாட்டினாள். முன்னறைக்குப் போய் ஆவி மெஷினைப் போட்டாள். அது இரைய ஆரம்பித்ததும், முகமூடியை நாற்காலியில் வைத்துவிட்டு வெறுங்காலோடு சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள்.

கையும் களவுமாக என்பார்கள். இங்கே கையும் கரண்டியுமாக. பிளாஸ்டிக் கரண்டி இல்லை, பழைய இரும்புக் கரண்டி. டப்பாவில் காய்க்கு அடியில் பள்ளம் பறித்து அம்மா நிதானமாக எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றிவிட்டுக் காயை மேலே இழுத்து மூடி, கரண்டி முனையால் ஒரு தட்டு தட்டிச் சமமாக்கினாள். உதடு மட்டும் அசைந்தது. சத்தம் வரவில்லையென்றாலும் என்ன சொல்கிறாள் என்று குச்சிக்குத் தெரியும்.

"மேலுக்கா, அடிக்கா?" என்றாள் குச்சி.

அம்மா திரும்பவில்லை. கரண்டியைத் தொட்டிக்குள் வைத்தாள்.

"மெஷினை விட்டுட்டு ஏன் வந்தே? மருந்து வீணாப் போகுது பாரு."

"அதுக்குத்தான் டப்பாவை என்னைக் கழுவ விட மாட்டேன்றியா?"

"நீ வேலை முடிஞ்சு வர்றே. களைப்பா இருப்பே."

"எத்தனை நாளாம்மா?"

"எத்தனை நாளுன்னா? நீ பொறந்ததுலேர்ந்து."

குச்சிக்குக் கோபம் வர வேண்டும். அதற்கும் தெம்பு வேண்டும் போலிருக்கிறது. மிளகாய்த்தூள் டப்பாவைத் தள்ளிவிட்டு சமையல் திட்டின் ஓரத்தில் சாய்ந்து நின்றாள். வயிறு வலிப்பதைச் சொன்னாள். மூன்றரை மணிக்கு மேசையில் கவிழ்ந்து கிடப்பதைச் சொன்னாள். ரெண்டு மாசமா நான் ஆலையைச் சுத்திச் சுத்தி நடந்தது உன்னோட கரண்டிக்கே சரியாப் போச்சு, என்றாள்.

"வலிக்குதுன்னு ஏன்டி சொல்லலை?" அம்மா இப்போதுதான் திரும்பினாள். "சொல்லியிருந்தா…"

"சொல்லியிருந்தா? ஊத்தியிருக்க மாட்டியா?"

அம்மா யோசித்தாள். பொய் சொல்லவில்லை. "மாத்திரையைக் கூட்டிப் போடுன்னு சொல்லியிருப்பேன்."

குச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கு வரவில்லை. அவள் ஈரக் கையோடு வந்து, குச்சியின் முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, வழக்கமான இடத்தில் உள்ளங்கையைக் குழித்து ஒரு தடவை தட்டினாள்.

"கேட்டியா சத்தம்? முன்னெல்லாம் டொக்குன்னு எலும்புல போய் முட்டும். தட்டறப்பல்லாம் உங்கண்ணன் முதுகைத் தட்டற மாதிரியே இருக்கும். இப்ப தலகாணியைத் தட்டற மாதிரி இருக்கு. இந்தச் சத்தம் கேட்டாத்தான் அன்னைக்கு எனக்குச் சோறு இறங்குது. கரண்டியை வெச்சுட்டேன்னு வையி, நாளைக்குத் தட்டறப்ப மறுபடியும் அந்தச் சத்தம் வந்துட்டா?"

"நாலு கிலோவுலயா வந்துடும்?"

"எனக்கு என்ன தெரியும்? இருபத்தி ரெண்டுக்கும் எண்பத்தி ஒண்ணுக்கும் நடுவுல எங்க நிக்கணும்னு எனக்கு எவ சொல்லிக் குடுத்தா? ஏத்து, ஏத்துன்னாங்க. ஏத்தினேன்."

முன்னறையில் மெஷின் ஆளில்லாமல் இரைந்துகொண்டிருந்தது. குச்சி போய் அதை நிறுத்தினாள். வீடு அமைதியானது. டப்பாவைத் திறந்து, காயை வடிகட்டியில் கொட்டி எண்ணெயை வடியவிட்டாள். அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தடுக்கவில்லை.

*

ஆஸ்பத்திரி நாளில் அம்மாவும் கூட வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகி நீட்டினாள். நீட்டிய பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பாட்டிலோடு கை அப்படியே நின்றது.

"குடும்மா, தாகமாத்தான் இருக்கு," என்று குச்சி வாங்கி இரண்டு மடக்குக் குடித்தாள்.

இந்தத் தடவை அவள் செருப்பை மட்டும்தான் கழற்றினாள். கடிகாரம், தோடு, கிளிப் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. எழுபத்தொன்பது புள்ளி இரண்டு. நர்ஸம்மா எழுதிக்கொண்டு, அம்மா பக்கம் திரும்பி, "சாவிக்கொத்து ஒண்ணும் இல்லையே?" என்றாள். அம்மாவுக்குக் காது வரை சிவந்துவிட்டது. அப்படியானால் அன்றைக்குத் தெரிந்துதான் சபாஷ் சொல்லியிருக்கிறாள்.

டாக்டரம்மா பட்டையைச் சுற்றினார். உட்கார வைத்தார். மறுபடி சுற்றினார். எண் துளி இறங்கியிருந்தது. போதுமான அளவுக்கு இல்லை. வயிற்று வலி எப்படி வந்தது என்பதைக் குச்சி சுருக்கமாகச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"அவ மேல தப்பு இல்லைங்க டாக்டர். அவ சரியாத்தான் இருந்தா. நான்தான் ஊத்தினேன். இப்ப ரெண்டு வாரமா ஊத்தறதில்லை. இன்னொரு மாசம் குடுங்க."

"மாசம் நான் குடுக்கலாம்மா. பிரஷர் குடுக்காதே."

"ஒரே ஒரு மாசம்."

"அவ இவ்வளவு தூரம் வந்தது அறுபது வயசு வரைக்கும் இருக்கறதுக்கு. அதுக்கு இந்த மாத்திரை வேணும். எடை இறங்க இறங்க அப்புறம் நிறுத்திப் பார்க்கலாம். நிறுத்த முடியலைன்னாலும் பரவாயில்லை."

அறுபது என்ற சொல்லில் அம்மா நின்றுவிட்டாள். குச்சி அதைப் பார்த்தாள். இவள் அறுபது வயதுவரை இருப்பாள் என்று அந்த ஆஸ்பத்திரியில் யாரும் இதுவரை சொன்னதில்லை. முதலில் பத்து என்றார்கள். பிறகு பதினெட்டு. பிறகு எதுவும் சொல்லாமல் விட்டார்கள். அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டாள்.

மாத்திரை வெள்ளையாக, சின்னதாக இருந்தது. சட்டைப் பித்தானைவிடச் சிறிது. இதற்காகவா மூன்று மாசம் ஆலையைச் சுற்றினோம் என்று குச்சிக்குத் தோன்றியது. இருபத்தொன்றாவது.

*

மறுநாள் காலையில் ஆவி மெஷின் இரைந்தபோது குச்சி எழுந்து போய்ப் பார்க்கவில்லை. இரண்டு வாரம் பார்த்தாயிற்று; இனியும் தினமும் வெறுங்காலோடு போய் வாசலில் நின்று அம்மாவைக் காவல் காக்க அவளால் ஆகாது. போட்டால் போடட்டும், வலித்தால் தெரியும் என்று இருந்தாள்.

மதியம் கண்ணாடி அறையில் டப்பாவைத் திறந்தாள். மூன்று மாத்திரையை விழுங்கிவிட்டுச் சாப்பிட்டாள். காய் கொஞ்சம் வறண்டு, தொண்டையில் நின்று நின்று இறங்கியது. ருசி என்று சொல்ல முடியாது. வண்டிகள் வந்தன, போயின. மூன்றரை மணிக்கு அவளே அறியாமல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வலி வரவில்லை. நான்கு மணிக்கும் வரவில்லை.

டப்பாவை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். சோப்பு கொண்டுவந்திருந்தாள். தேவைப்படவில்லை. ஒரே தண்ணீரில், கை வழுக்காமல், டப்பா சுத்தமாகிவிட்டது. உள்ளே பார்த்தாள். காலியாக, பளபளவென்று, ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் இருந்தது. அம்மா காலையில் அந்த இருபது நிமிஷமும் சமையலறையில் கையை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பாள் என்று நினைத்தபடி அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

மேடைப் பக்கமிருந்து ஹாரன் சத்தம் வந்தது.

"எடைக்காரம்மா! காலி வண்டி! இன்னைக்குத் தண்ணி இல்லை, வேணும்னா குனிஞ்சு பாத்துக்கோங்க!"

"குனியல்லாம் முடியாது. நம்பறேன், ஏத்துங்க," என்று சொல்லிவிட்டு குச்சி ஈர டப்பாவோடு அறைக்கு நடந்தாள்.